தீட்டிய கத்தியும் முறித்த பிளேடும்

இன்று எந்தச் சலூனுக்குப் போனாலும் ஒரு சத்தம் தவறாமல் கேட்கும். காகித உறையோடு சேர்த்து பிளேடை இரண்டாக முறிக்கும் 'டக்'. முறித்த பாதியைக் கைப்பிடியில் செருகி, நாம் பார்க்கும்படி ஒருமுறை உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் கழுத்துக்குக் கொண்டுவருவார். நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு அதே இடத்தில் வேறு சத்தம் கேட்டது. நாற்காலிப் பக்கத்து ஆணியில் தொங்கும் தோல்வாரை இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வலது கையால் கத்தியைப் புரட்டிப் புரட்டித் தேய்ப்பார். போகும்போது ஒரு சுருதி, திரும்பும்போது ஒரு சுருதி. பெஞ்சில் தினத்தந்தியை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவருக்குக்கூட அடுத்தது நம் முறை என்று அது சொல்லிவிடும்.

கைப்பிடி அன்றும் மடக்குக் கைப்பிடிதான், இன்றும் அதுதான். முகத்தைத் திருப்பும் இரண்டு விரலும் மாறவில்லை. மாறிப்போனது தீட்டும் வேலை. அது யார் கையில் இருந்தது, எப்படி அவர் கையைவிட்டுப் போனது, இப்போது யார் கைக்கு வந்திருக்கிறது என்று பார்த்தால், சவரத்தின் கதை பெரும்பாலும் அதற்குள் அடங்கிவிடும்.

சலூனுக்கும் முந்திய காலத்திலிருந்து தொடங்கலாம். காவிரிப் பாசன ஊர்களில் நாவிதர் வீட்டுக்கு வருவார். கையில் அடைப்பம். அதற்குள் இரண்டு மூன்று கத்தி, கத்தரிக்கோல், தீட்டுக்கல், ஒரு தோல்துண்டு, தண்ணீருக்கு ஒரு கிண்ணி, கைக்கண்ணாடி. வீட்டுக்குள் அவருக்கு இடமில்லை. கொல்லைப்புறத்திலோ ஆற்றங்கரை மரத்தடியிலோ குந்தியபடி வேலை நடக்கும். சோப்பெல்லாம் பின்னால் வந்தது. பச்சைத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முகத்தில் தேய்த்து ஊறவைப்பதுதான் வழக்கம். சவரம் முடிந்தவர் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். கூலி காசாக வராது. அறுவடை முடிந்ததும் களத்தில் அளக்கும் நெல்தான் வருடக் கூலி. பிரசவம் பார்க்க அவர் மனைவியைத்தான் கூப்பிடுவார்கள், காயத்துக்குக் கட்டுப்போட அவரைத்தான் தேடுவார்கள், சாவுக்கும் அவர் வந்து நின்றாக வேண்டும். இத்தனைக்கும், தன் குரல்வளையை அவர் கத்திக்கு அடியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் இருபது வயதுப் பையன் அறுபது வயது நாவிதரை 'வா, போ' என்றுதான் பேசுவான். அந்தக் காலத்தை நினைத்து ஏங்குகிறவர்கள் இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போக வேண்டும்.

ஆனால் அந்தக் கையில் ஒரு வித்தை இருந்தது. சவரக்கத்தியின் குறுக்குவெட்டு ஒரு நீண்ட ஆப்பு. மேலே தடித்த முதுகு, கீழே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்த வாய். கல்லில் போடும்போது முதுகும் வாயும் ஒருசேரக் கல்லைத் தொட்டுக்கொண்டு போக வேண்டும். முதுகின் கனமே கோணத்தை நிர்ணயிக்கிறது; கண் அளவு தேவையில்லை. தேவைப்படுவது அழுத்தம் எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்கிற கைப்பக்குவம். கூடுதலாகத் தேய்த்தால் வாயில் மெல்லிய பிசிறு கிளம்பி மடங்கும். குறைவாகத் தேய்த்தால் தாடியை வெட்டாமல் இழுக்கும். கல்லிலிருந்து எடுத்த கத்தியைத் தோலில் இழுப்பது அதற்கு அடுத்த வேலை. பாய் ஓரத்தில் சாய்ந்துவிட்ட கோரைகளை நீவி நேராக்குவதுபோல, முந்தைய சவரத்தில் இப்படியும் அப்படியும் வளைந்துபோன நுனியைத் தோல் நிமிர்த்திவிடுகிறது. தோல்வார் கையில் இல்லாதபோது பல நாவிதர்கள் தங்கள் உள்ளங்கையிலேயே கத்தியைப் புரட்டிக்கொள்வார்கள். பார்க்கிறவர்களுக்குக் குலை நடுங்கும்.

அந்த வித்தையைச் சொல்லிக்கொடுக்கப் பள்ளிக்கூடம் கிடையாது. அப்பா மகனுக்கு, மாமன் மருமகனுக்கு. தண்ணீர் கொண்டுவந்து வைப்பது, முகம் ஊறவைப்பது, கத்தியைத் துடைத்து எண்ணெய் போடுவது என்று நாள்கணக்கில் ஓடிய பிறகுதான் கல்லைத் தொடவிடுவார்கள். கல் கைவந்த பிறகுதான் முகம். பழைய கத்திகளைப் பார்த்திருப்பவர்களுக்குத் தெரியும்: வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி அகலம் பாதியாகத் தேய்ந்திருக்கும். தாத்தா வாங்கிய கத்தி பேரன் கைக்கு வரும்போது விரல் அகலம்கூட இருக்காது. தூக்கி எறிய மாட்டார்கள். ஒடுங்கிய கத்தி மூக்குக்குக் கீழே வளைந்து போக வசதி.

அந்த எஃகின் பூர்வீகத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும்தான் சவரக்கத்திக்குப் பேர்போன ஊர்கள். ஆனால் மூசையில் இட்டு உருக்கி எஃகு எடுக்கும் தொழில் கொங்குப் பகுதியில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உள்ளது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணல் அகழாய்வில் அதன் உலைகளே கிடைத்திருக்கின்றன. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தென்னிந்திய எஃகுக் கட்டிகள் 'ஊட்ஸ்' என்ற பெயரில் லண்டனுக்குப் போனபோது, அவற்றை அடித்துக் கருவி செய்து பார்த்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட். அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்ற வியாபாரி. ஐரோப்பாவின் நல்ல எஃகையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இந்திய எஃகைத் தேர்ந்தெடுத்திருப்பதாகத் தன் கடை விளம்பர அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார். மின்சாரத்தால் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே அப்போது இளைஞர். 1820 வாக்கில் ஸ்டோடார்டோடு சேர்ந்து ஊட்ஸை ஆராய்ந்து, புதிய எஃகுக் கலவைகள் செய்து, அவற்றில் அடித்த சவரக்கத்திகளை நண்பர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார். கொஞ்சம் கழித்து, மதராஸ் அரசாங்க உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை வைத்தார். ஆலை நஷ்டத்தில் முடிந்தது. அவர் இங்கிலாந்து திரும்பி, மாங்கனீஸ் சேர்த்தால் எஃகு மேம்படும் என்று கண்டு 1839-ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் அதை வைத்துச் சம்பாதித்தார்கள். ஹீத் வழக்கு நடத்தியே ஓய்ந்தார். பின்னாளில் நம் நாவிதர்கள் கையில் ஆங்கில முத்திரையோடு வந்து சேர்ந்த கத்திகளை இந்தப் பின்னணியோடு பார்க்கலாம்.

தீட்டும் வேலையை ஒழிக்கக் கிளம்பியவர் கிங் கேம்ப் ஜில்லெட். பாட்டில் மூடி கம்பெனியில் விற்பனையாளராக இருந்தவர். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருளாகக் கண்டுபிடி, வாங்கியவர் திரும்பத் திரும்ப வருவார் என்று அங்கே அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். 1895-ல் ஒருநாள் காலையில் மங்கிப்போன தன் கத்தியை வைத்துக்கொண்டு நின்றபோது, இதை ஏன் தீட்ட வேண்டும் என்று தோன்றியதாம். காகிதம்போல் மெலிந்த எஃகுத் தகட்டைப் பதப்படுத்த முடியாது என்றே எல்லோரும் சொன்னார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்த வில்லியம் நிக்கர்சன் அதை முடித்துக் கொடுத்தார். விற்பனைக்கு வந்த 1903-ல் போனது மொத்தம் 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த ஆண்டிலேயே ரேசர் விற்பனை தொண்ணூறாயிரத்தைத் தொட்டது. முதல் உலகப்போரில் அமெரிக்க அரசு தன் சிப்பாய்களுக்காக 35 லட்சம் ரேசர் வாங்கியது. போர் முடிந்து ஊர் திரும்பிய அத்தனை பேரும் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ளப் பழகியிருந்தார்கள்.

நம் ஊருக்கு அது மெதுவாகத்தான் வந்தது. முதலில் வக்கீல் வீடு, ஸ்டேஷன் மாஸ்டர் வீடு, பிறகு வாத்தியார் வீடு. ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, அலுமினியக் கிண்ணத்தில் சோப்பை நுரைக்க வைத்து, கன்னத்தை ஒரு பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும் அப்பாக்களை ஒரு தலைமுறைக்கே ஞாபகம் இருக்கும். பிளேடும் உடனே குப்பைக்குப் போய்விடாது. மங்கினால் பென்சில் சீவ, அதற்கும் மங்கினால் தையல் பிரிக்க. டோபாஸ், செவன் ஓ கிளாக் என்று பெயர் சொல்லி வாங்குவார்கள். 1960-களின் தொடக்கத்தில் வில்கின்ஸன் ஸ்வோர்டு துருப்பிடிக்காத பிளேடை இறக்கிய பிறகு, ஒரு பிளேடில் ஒரே வாரம் என்பது மாறி, சிக்கனக்காரர்கள் மாதத்தை ஓட்டத் தொடங்கினார்கள்.

இந்த ரேசரை 'பாதுகாப்பு ரேசர்' என்பார்கள். பாதுகாப்பு என்பது வெட்டுக்காயத்திலிருந்து மட்டும் என்று நான் நினைக்கவில்லை. ஊர் நாவிதர் தலித் மக்களுக்குச் சவரம் செய்யக்கூடாது என்பது கிராமத்துக் கட்டுப்பாடு. மீறினால் நாவிதருக்கே ஊரில் வேலை போய்விடும். சலூன்கள் வந்த பிறகும் சில ஊர்களில் நாற்காலி எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1955-லேயே இதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்துவிட்டது. அதை மீறிய செய்திகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படித் திருப்பி அனுப்பப்பட்ட ஒருவர் பெட்டிக்கடையில் ஒரு பிளேடு வாங்கித் தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நின்றபோது, யாருடைய தயவும் அவருக்குத் தேவைப்படவில்லை. ஜில்லெட் மனதில் இது இருந்திருக்காது. இருந்தாலும் சவரத்தின் வரலாற்றில் அந்தத் தகட்டுக்கு நான் கொடுக்கும் பெரிய மதிப்பெண் இதற்காகத்தான்.

சலூன்காரர்கள் மட்டும் எஃகுக் கத்தியை விடவில்லை. 1960, 70-களில் ஊருக்கு ஊர் சலூன் பெருகியபோது நாவிதரும் நிமிர்ந்து நின்றார். குந்தியிருந்தவர் நிற்க, நின்று பேசியவர் உட்கார வேண்டியதாயிற்று. நெல் போய்க் காசு வந்தது. 'வா, போ' என்பது 'அண்ணே' ஆனது, உடனே இல்லாவிட்டாலும். எதிரெதிர்க் கண்ணாடி, எம்.ஜி.ஆர். சிவாஜி படம், ரேடியோ, படிகாரக் கட்டி, முடிவில் ஒரு அப்பு பவுடர். நடுவில் அந்தத் தோல்வார். பிளேடு இருபது காசுக்குக் கிடைத்தாலும், தீட்டிய கத்தி முகத்தில் போகிற பதம் வராது என்பது அவர்கள் கட்சி. அது உண்மையும்கூட. கனமான எஃகு தன் எடையிலேயே நகரும், கை தள்ள வேண்டியதில்லை.

அந்தக் கத்தியை இறக்கி வைத்தது விலையோ வசதியோ இல்லை, பயம். 1986-ல் சென்னை மதராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலில் கண்டுபிடித்தார்கள். பத்திரிகை, வானொலி, சுவரெழுத்து என்று செய்தி பரவப் பரவ, ஊசிக்கு அடுத்தபடியாக மக்கள் சந்தேகப்பட்டது சலூன் கத்தியைத்தான். "அண்ணே, புது பிளேடு போட்டுடுங்க" என்ற வாக்கியம் அந்த வருடங்களில்தான் பிறந்தது. புள்ளிராஜா என்ற எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரம் தமிழ்நாட்டுச் சுவரெல்லாம் ஒட்டப்பட்ட 2000-களின் தொடக்கத்தில், புது பிளேடு போடாத சலூனுக்குள் யாரும் நுழைய மாட்டார்கள் என்ற நிலை வந்துவிட்டது. கத்தியும் கல்லும் மேசை இழுப்பறைக்குள் போயின. தோல்வார் தொங்கிய ஆணியில் காலண்டர் மாட்டினார்கள்.

மருத்துவக் கணக்கில் பார்த்தால், சவரக்கத்தி வழியாக எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் அதே கத்தியில் ஹெப்படைட்டிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்தில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும். ஆக, தவறான நோயைப் பார்த்துப் பயந்து சரியான காரியத்தைச் செய்திருக்கிறோம். ஒரே கத்தியை வரிசையாகப் பத்துப் பேர் முகத்தில் வைத்து, நடுவில் டெட்டால் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுப்பது சுத்தம் ஆகாது. அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனால் இன்னொன்றும் கூடவே போனது. அரை பிளேடு தீர்ந்தால் அடுத்த அரை. தீட்டத் தெரிய வேண்டியதில்லை. கத்தியைப் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்றானதும், வருடக்கணக்கில் கற்ற தொழில் மாதக்கணக்கில் கற்கும் தொழிலாயிற்று. இது தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட முடியாது. குடும்பத் தொழில் என்ற வேலி உடைந்து யார் வேண்டுமானாலும் வரலாம் என்றானது. இன்று சென்னைச் சலூன்களில் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள் ஏராளம். அதேசமயம், அறுபதைத் தாண்டிய ஒரு முடிதிருத்துநருக்கு, தன் கையில் இருந்த பாதி வித்தைக்குக் கேட்பாரில்லை. 2018-ல் இயக்குநர் ராம் நாயகனாக நடித்து 'சவரக்கத்தி' என்றே ஒரு படம் வந்தது. அப்படிப் பெயர் வைக்கும்போதே அந்தப் பொருள் பழங்காலத்துச் சாமானாகிவிட்டது. பழனி மலையடிவாரத்திலும் மொட்டை அடிப்பது இன்று அரை பிளேடுதான்.

வீட்டுச் சவரமோ வேறு பாதையில் ஓடியது. ஒரு பிளேடு இரண்டாகி, 1998-ல் மூன்றாகி, 2006-ல் ஐந்தானது. நடுவில் ஒரு வேடிக்கை நடந்தது. ஜில்லெட் கம்பெனி இந்தியர்களுக்கென்று ஒரு ரேசர் செய்தது. அதைச் சோதித்துப் பார்த்தது மாசசூசெட்ஸில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களை வைத்து. அங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும். இங்கே ஒரு குவளைத் தண்ணீரில் முழுச் சவரத்தையும் முடிக்கிறவர்கள் கையில் அந்த ரேசர் முடி அடைத்துக்கொண்டு நின்றுபோனது. பிறகு நேரில் வந்து வீடு வீடாகப் பார்த்து, 2010-ல் ஒற்றை பிளேடோடு 15 ரூபாய்க்கு வேறொன்றை இறக்கினார்கள். அது ஓடியது. ஐந்து பிளேடு எதற்கு என்ற கேள்விக்கு அவர்களே சொன்ன பதிலாக நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது கதை ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளாக, எஃகுக் கத்தியைத் தேடி வாங்கித் தாமே தீட்டித் தாமே சவரம் செய்துகொள்ளும் ஒரு சிறு கூட்டம் உலகெங்கும் உருவாகியிருக்கிறது. 2012-ல் 'ஸ்கைஃபால்' படத்தில் ஜேம்ஸ் பாண்டுக்கு ஒரு பெண் பழைய மடக்குக் கத்தியால் சவரம் செய்துவிடும் காட்சி வந்த பிறகு, இங்கிலாந்துக் கடைகளில் அந்தக் கத்திக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டதாகச் செய்தி வந்தது. சென்னையிலும் கோவையிலும் பெங்களூருத் தமிழர்களிடையிலும் இந்தக் கூட்டம் உண்டு. பெரும்பாலும் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். நல்ல ஜெர்மன் கத்தி ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குமேல் கொடுக்கிறார்கள். கல்லுக்கு அதைவிடக் கூடுதலாகவே போகும். பெல்ஜியத்து ஆர்டென் மலையில் வெட்டும் மஞ்சள் கல், ஜப்பான் கல் என்று அது தனிப் பித்து. ஒரு காலத்தில் வீட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்தவரின் கைத்தொழில், இன்று அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. இதில் ஒரு முரண் இருப்பதை அவர்களில் சிலராவது உணர்ந்திருந்தால் நல்லது.

இருந்தாலும் பழகிப் பார்க்க விரும்புகிறவரை நான் தடுக்க மாட்டேன். நானும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஓரத்து ஆள்தான். தொடங்குகிறவருக்குச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

அன்று பழகியவருக்கும் இன்று பழகுகிறவருக்கும் பெரிய வித்தியாசம், எதிரே இருக்கும் முகம். அவர் அடுத்தவர் முகத்தை நேரே பார்த்தார், நாம் கண்ணாடியில் நம் முகத்தைப் பார்க்கிறோம். கை நகரும் திசையும் கண்ணாடியில் தெரியும் திசையும் குழப்பும். இடது கன்னத்துக்கு இடது கையைப் பழக்க வேண்டுமா, வலது கையையே மூக்குக்குக் குறுக்கே கொண்டுபோக வேண்டுமா என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு கையையும் பழக்குவது நல்லது என்பது என் கட்சி. மூக்குக்குக் குறுக்கே போகிற கை கண்ணாடியை மறைக்கிறது.

கத்தி வாங்கும்போது அகலம் பாருங்கள். அங்குலத்தை எட்டாகப் பிரித்துக் கணக்கு சொல்வார்கள். எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ளது தொடக்கத்துக்குப் போதும். முனை கூராக இல்லாமல் உருண்டு இருக்கட்டும். காதோரத்தில் கிழிப்பது அந்த முனைதான். இணையத்தில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குப் பளபளவென்று விற்கும் கத்திகள் பெரும்பாலும் கத்தி உருவத்தில் இருக்கும் தகடுகள். எந்தக் கல்லில் தேய்த்தாலும் அவற்றுக்குக் கூர் நிற்காது. புதுக் கத்தி என்றாலும் முகத்துக்கு வைக்கும் பதத்தில் தீட்டித்தான் அனுப்புகிறார்களா என்று கேட்டு வாங்குங்கள். பல கம்பெனிகள் அரைகுறையாகத் தீட்டித்தான் அனுப்புகின்றன. அந்தக் கத்தியை அப்படியே முகத்தில் வைத்து, எரிச்சலில் விட்டுவிட்டுப் போனவர்கள் அதிகம்.

சிலர் சலூன் கைப்பிடியில் அரை பிளேடைச் செருகிப் பழகுகிறார்கள். இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும், ஆசை நிலைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஆனால் அதில் பழகினால் இது வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அரை பிளேடு மெலிந்தது, எடையில்லாதது, கை தப்பினால் மன்னிக்காது. கனமான எஃகுக் கத்தி அதைவிடப் பொறுமைசாலி.

முகத்தை நன்றாக ஊறவையுங்கள். குளித்துவிட்டு வந்து செய்வது சிறந்தது. பழைய நாவிதர் பச்சைத் தண்ணீரைப் பொறுமையாகத் தேய்த்துக்கொண்டே இருந்ததற்குக் காரணம் உண்டு. 2020-ல் அதே மாசசூசெட்ஸ் கழகத்தில், முடி ஏன் எஃகை மங்கவைக்கிறது என்று மின்னணு நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். முடி எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் சாய்ந்து வளையும் ஒரு முடி, எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத இடத்தில் பட்டால், நுனியில் துணுக்கு தெறித்துவிடுகிறது. தேய்ந்து மழுங்குவதைக் காட்டிலும் இப்படிச் சில்லுச் சில்லாக உடைந்துதான் பிளேடு கெடுகிறதாம். இதைத் தெரிந்துகொண்டால், ஏன் முடி நன்றாக ஊற வேண்டும், ஏன் கோணம் பிசகக்கூடாது என்பதெல்லாம் தானாகப் புரியும்.

கோணம் முப்பது பாகை. அளக்க ஒரு வழி: கத்தி கன்னத்தில் படுத்திருக்கும் நிலையிலிருந்து, முதுகின் கனத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி வருமாறு முதுகைத் தூக்குங்கள். வாயின் நேருக்கு நேராக மட்டும் நகருங்கள். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் அது அரிவாள்மணையின் வேலையைச் செய்துவிடும். சும்மா இருக்கும் கைக்குத்தான் பாதி வேலை. தோலை அது எவ்வளவு இறுக்கமாக இழுத்துப் பிடிக்கிறதோ அவ்வளவு வழுவழுப்பு. சலூன்காரர் நம் கன்னத்தை இரண்டு விரலால் இழுத்துப் பிடிப்பதை இத்தனை காலம் கவனிக்காமலேயே உட்கார்ந்திருக்கிறோம். முடி சாயும் திசையில்தான் முதலில் இறங்க வேண்டும். எதிர்த்திசையில் ஏறுவது பல மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் இரண்டு கன்னம் மட்டும் போதும். மிச்சத்தைப் பழைய ரேசரில் முடித்துக்கொள்ளுங்கள். கை நடுங்காத பிறகு கழுத்து. மேலுதடும் தாடைக் குழியும் கடைசி. ஒவ்வொரு முறையும் சவரத்துக்கு முன்னால் தோலில் முப்பது நாற்பது இழுப்பு. முதுகு முன்னால் போக வேண்டும், வாய் பின்னால் வர வேண்டும். திருப்பும்போது முதுகை அச்சாக வைத்துத்தான் புரட்ட வேண்டும். வாயின் பக்கமாகப் புரட்டினால் தோல்வார் இரண்டாகும். கல்லைத் தொட அவசரம் வேண்டாம். ஒழுங்காகத் தோலில் இழுத்தால் கல்லுக்கு மாதக்கணக்கில் வேலை வராது. சவரம் முடிந்ததும் கத்தியைக் கழுவி, ஈரம் துளியும் இல்லாமல் துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் பூசிவையுங்கள். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று ஊர்களில் கார்பன் எஃகு ஒரே ராத்திரியில் துருப்புள்ளி காட்டிவிடும். குளியலறையில் வைக்கவே வேண்டாம்.

இதனால் காசு மிச்சமாகும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். கத்தி, கல், தோல் என்று போட்ட பணத்துக்கு ஆயுள் முழுவதும் அரை பிளேடு வாங்கலாம். நேரமும் பிடிக்கும். காலையில் அலுவலகப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது. பிளாஸ்டிக் குப்பை குறையும் என்பது மட்டும் மெய். சர்க்கரை நோய் உள்ளவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கைப்பையில் வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது.

வீடியோ பார்த்து உலகத்து ஆட்களிடமெல்லாம் கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. உங்கள் ஊரிலேயே, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் எங்கோ, அறுபது எழுபது வயது முடிதிருத்துநர் ஒருவர் இன்னும் கடை வைத்திருப்பார். பழைய தீட்டுக்கல் அவர் மேசை இழுப்பறையில் இருக்கும். கூட்டமில்லாத ஒரு மதியத்தில் போய், தோலில் கத்தியை எப்படிப் புரட்டுவது என்று கேளுங்கள். சொல்லிக்கொடுத்தால் ஒரு சவரத்துக்கான கூலியைக் கொடுக்காமல், ஒரு வாத்தியாருக்குக் கொடுப்பதைக் கொடுங்கள். அவருடைய கத்தியை விலைக்குக் கேட்காதீர்கள். அவரே கொடுத்தாலும், கிருமி நீக்கி, துரு எடுத்து, புதிதாகத் தீட்டாமல் அதை முகத்தில் வைக்காதீர்கள்.